வேதமுத்துவின் பத்மினி

பன்னிரண்டு வருஷமாக ஓடாத வண்டியைப் பதினோரு மணிக்குள் ஓட்டிக் காட்டியாக வேண்டும். செலின் அன்று காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், வீட்டுச் சுவரோரம் தார்ப்பாய் போர்த்தி நின்றது அவள் புருஷன் வேதமுத்துவின் பத்மினி கார். போன வாரம் மாநகராட்சி ஆட்கள் அதன் கண்ணாடியில் 'கைவிடப்பட்ட வாகனம்' என்று தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஓடுகிற வண்டியென்றால் ஓட்டிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் தூக்கிவிடுவோம் என்றார் அதிகாரி. யாரைப் பார்த்துக் கைவிட்டேன் என்கிறார்கள்? அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் போல்ட்டை அளந்து பார்த்து, மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டவள் அவள். புருஷன் இறந்த பிறகு ஒரு ஞாயிறுகூட வண்டியைத் துடைக்காமல் விட்டதில்லை.

கள்ளிக்குப்பத்து மெக்கானிக் ஜம்புலிங்கம் ஆறு மணிக்கே வந்துவிட்டான். புது பேட்டரி போட்டான், பழைய பெட்ரோலைக் கொட்டினான், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினான். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது. பத்தே முக்காலுக்குத் தெருமுனையில் கிரேன் திரும்பியது.

"பிளக்குல பொறியே வர்லக்கா. எங்கியோ கட்டாவுது," என்றான் ஜம்புலிங்கம். "திருட்டுக்குப் பயந்துகினு அந்தக் காலத்துல ரகசியமா ஒரு சுச்சு வெச்சிருப்பாங்கோ. அத்தத் தட்டுனாதான் ஸ்டார்ட் ஆவும். மாமா எதுனா சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலியே தம்பி."

"சாவி போடறதுக்கு முன்னால எங்கனா கைய வெப்பாரா? நல்லா ரோசன பண்ணுக்கா."

செலினின் கண் டேஷ்போர்டுக்குப் போனது. வைப்பார். தினமும் வைப்பார். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த மாதா சொரூபத்தின் காலடியில் இரண்டு விரலை வைத்து, தலையைக் குனிந்து, அப்புறம்தான் சாவியைத் தொடுவார். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பூசைக்கும் வராத மனுஷன். அவர் இறந்தபோது கோயில் கல்லறையில் இடம் தரப் பங்குச் சாமியார் தயங்கினார். "மாதா பாதத்தத் தொடாம ஒரு நாளும் வண்டி எடுத்ததில்ல ஃபாதர், என் கண்ணால பாத்திருக்கேன்," என்று அழுது சத்தியம் செய்து இடம் வாங்கியவள் செலின்தான். அவர் நல்ல இடத்துக்குத்தான் போயிருப்பார் என்று அவள் நம்பியதும் அதை வைத்துத்தான்.

கிரேன்காரன் சங்கிலியை இறக்கினான். இப்போது கையை வைத்துப் பார்த்தால், அவர் தொட்டது மாதாவையா சுவிட்சையா என்ற உண்மை தெரிந்துவிடும். வைக்காவிட்டால் வண்டி போய்விடும், மாதாவும் அதோடு போய்விடுவாள்.

"அக்கா, மாட்றாங்கோ!" என்று கத்தினான் ஜம்புலிங்கம்.

அவள் பக்கத்து சீட்டில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, சொரூபத்தின் காலடியில் பின்பக்கமாக விரலை விட்டாள். சின்னதாக ஒரு இரும்புக் குமிழ் தட்டுப்பட்டது. தட்டினாள்.

ஜம்புலிங்கம் சாவியைத் திருப்பினான். வண்டி இருமியது, கரும்புகையைக் கக்கியது, பிறகு உறுமிக்கொண்டு நகர்ந்தது. அதிகாரி கையைக் காட்டிக் கிரேனை நிறுத்தினார்.

"அட, இங்கியா கீது! மாமாவுக்கு செம மூளக்கா!"

செலினுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாவி மனுஷன், இத்தனை வருஷம் என்னை ஏமாற்றிவிட்டானே. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குமிழ் வெளியே தெரியாதபடி பசை விட்டுச் சாய்ந்திருந்த சொரூபத்தை நேராக நகர்த்தி வைத்தாள்.

"நேராப் போ தம்பி," என்றாள். "சாமியார் காதுக்கு மட்டும் இது போவக்கூடாது."