சிம் இல்லாத போனிலிருந்து முப்பத்தெட்டு நிமிடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தும் போட்டேன். எழுதினால் சிரிப்பார்கள் என்பது ஒன்று, எழுதாமல் விட்டால் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள் என்பது இன்னொன்று. இப்போது அந்தமானில் எங்கள் பெரார்கஞ்ச் கடைவீதியில், செத்துப்போன என் அப்பா போனில் பேசினார் என்று ஒரு கதை ஓடுகிறது. என் அப்பா தென்காசியில் நல்லபடியாக இருக்கிறார், காலையில் இரண்டு டம்ளர் காபி குடிக்கிறார். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு எதையும் நான் நம்பினவன் இல்லை. முருகனை நம்புகிறேன், கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறேன், அது வேறு. பத்தாவது வரைதான் படிப்பு. மின்சார ஆபீசில் லைன்மேன் வேலை. கம்பி இல்லாத இடத்தில் கரண்ட் வராது என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

அந்தமானுக்கு வந்து பதினாலு வருஷம் ஆகியும் ஹேவ்லாக் தீவை நாங்கள் பார்த்ததில்லை. என் மனைவி செல்விக்கு அது பெரிய குறை. "மெயின்லேண்ட்ல இருந்து பிளைட் பிடிச்சு வந்து பாத்துட்டுப் போறாங்க, நாம இங்கனயே கிடந்து சாம்பார் வச்சிட்டு இருக்கோம்" என்பாள். அந்த டிசம்பர் லீவில் எப்படியும் போவது என்று முடிவு பண்ணி, அரசாங்கக் கப்பலில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அதற்கு முன்னால் நான் ஒரு தப்பு செய்தேன். இங்கே இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், வெளித்தீவுக்குப் போகிறவன் பழைய கம்பெனி சிம்மைக் கையை விட்டு விடக்கூடாது, மற்றவை எப்போது கிடைக்கும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தெரிந்திருந்தும், நெட் வேகமாக வருகிறதே என்று என் நம்பரைப் புதுக் கம்பெனிக்கு மாற்ற எழுதிக்கொடுத்தேன். போர்ட் பிளேரில் அந்தக் கடைக்காரன், "பையா, பூரா ஐலண்ட்ல நெட்வொர்க் ஹை, டென்ஷன் மத் லோ" என்று, தீவு முழுக்க டவர் இருக்கிறது கவலைப்படாதே என்று தோளில் தட்டினான். புதுச் சிம்மையும் கையில் கொடுத்து, நம்பர் மாற ஒரு வாரம் ஆகும், நிம்மதியாக ஊர் சுற்றிவிட்டு வாருங்கள் என்றான். மூன்றாம் நாளே, நடுக்கடலில், பழைய சிம் செத்துப்போயிற்று. நேரம் காலை ஏழு மணி. ஹேவ்லாக்கில் இறங்கிப் புதுச் சிம்மைப் போட்டேன், அதுவும் சர்வீஸ் இல்லை என்றது. செல்வியின் போனில் மட்டும் பழைய கம்பெனி சிம் இருந்தது.

அவளையும் எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளையும் கடற்கரையில் விட்டுவிட்டு, திரும்பிப் போகும் கப்பலுக்கு டிக்கெட் எடுக்க நான் ஜெட்டிக்கு வந்தேன். ஆட்டோவில் அரைமணி தூரம். வரிசையில் நின்றபடி இரண்டு சிம்மையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துச் சலித்து, இரண்டையும் எடுத்து தீவுவாசி என்பதற்கான ஐலண்டர் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். போனுக்குள் சிம்மே இல்லை. இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த இடத்தில்தான் எல்லோரும் என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்.

அதே நேரம், பதினொன்றே காலுக்கு, செல்வியின் போன் அடித்திருக்கிறது. என் நம்பர், என் பெயர், என் படம். எடுத்தால் என் குரல். "செல்வி, அபியைத் தண்ணிய விட்டு வெளியே கூட்டிட்டு வா. இப்பவே." அவ்வளவுதான். கத்தவில்லையாம், சோறு போடச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னதாம். அபிராமி என் பெரியவள், அப்போது ஒன்பது வயது, ஓடை வந்து கடலில் சேருகிற இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். செல்வி போனை மணலில் போட்டுவிட்டு ஓடிப் போய், கைக்குக் கிடைத்தது தலைமுடி, அதைப் பிடித்தே கரைக்கு இழுத்திருக்கிறாள். கரையில் இளநீர் விற்ற வங்காளிக்காரர் அலறினார், "தீதி, மகர்மச், மகர்மச்." பிள்ளை நின்ற இடத்தில் முதலையின் தலை எழும்பி, அப்படியே அமிழ்ந்திருக்கிறது. பத்துப் பேர் பார்த்தார்கள். காவலுக்கு இருந்தவர் விசில் ஊதிக் கடற்கரையையே காலி செய்தார். முதலை வந்ததை இன்றைக்கும் யாரும் மறுப்பதில்லை, அது வரைக்கும் புண்ணியம்.

நான் ஒன்றும் தெரியாமல் டிக்கெட்டோடு வந்து இறங்குகிறேன். ஒரே கூட்டம். அபியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செல்வி அழுகிறாள். "நல்லவேளைங்க, நீங்க போன் பண்ணினீங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. "சின்னவ எங்கே?" என்று கேட்டேன். "உங்ககிட்டதானே பேசிட்டு இருக்கா" என்று மரத்தடியைக் காட்டினாள்.

என் சின்னவள் வள்ளிக்கு அப்போது நாலு வயது. மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, செல்வி மணலில் போட்டுவிட்டு ஓடிய அந்தப் போனை எடுத்துக் காதில் வைத்து, ம், ம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவிடம்தானே பேசுகிறாள் என்ற தைரியத்தில்தான் செல்வி அவளை அங்கே விட்டிருக்கிறாள். நான் எதிரே போய் நின்றேன். வள்ளி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆச்சரியமே இல்லை அவள் முகத்தில். போனுக்குள், "அப்பா வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினாள். காதில் வைத்தேன். மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் யாரோ வைத்துவிட்டார்கள். திரையைப் பார்த்தேன், முப்பத்தெட்டு நிமிடம்.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு சிம்மும் அங்கேயே இருந்தன.

ஊர் திரும்பியதும் நான் சும்மா இருக்கவில்லை. பழைய கம்பெனி கவுன்டரில் போய் நின்றேன், அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே உங்கள் நம்பர் எங்களை விட்டுப் போய்விட்டது என்றார்கள். புதுக் கம்பெனியில் கேட்டால், மறுநாள் சாயங்காலம்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது என்றார்கள். அப்படியென்றால் இடைப்பட்ட அந்த ஒன்றரை நாள் என் நம்பர் யாரிடம் இருந்தது? கேட்டால், "அங்கிள், சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது" என்கிறார் அங்கிருந்த பெண். யாருடையதும் இல்லாத நம்பரிலிருந்து அரைமணிக்கு மேல் ஒருத்தன் பேசியிருக்கிறான், இவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

வீட்டுக்கு வந்தால் செல்வியின் தம்பி. "அத்தான், முருகனுக்கும் டவர் கிடைச்சிருச்சு போல" என்றான். அவன் தட்டில் தோசை வைத்துக்கொண்டிருந்தேன், அப்படியே கல்லுக்கே திருப்பிப் போட்டேன். முருகன் காப்பாற்ற நினைத்தால் அந்த முதலையைத் திருப்பி அனுப்பியிருப்பான், என் குரலை இரவல் வாங்கி எதற்குப் பேச வேண்டும்? கோவிலில் அபிக்காகப் பாலாபிஷேகம் செய்தேன். ஆனால் நன்றி என்று கைகூப்பும்போது மனசு நிற்கவில்லை. என் பெரிய பிள்ளையின் உயிரைக் காப்பாற்றிய ஒன்றின் மேல் இத்தனை கோபப்படலாமா என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எச்சரிக்கை சொல்ல ஒரு நொடி போதுமே. மிச்ச நேரம் முழுக்க என் சின்னவளிடம், என் குரலில், அதற்கு என்ன பேச்சு? யார் அதற்கு அனுமதி கொடுத்தது?

வள்ளிக்கு இப்போது எட்டு வயது. நன்றாகப் படிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், ஒரு குறையும் இல்லை. அன்றைக்குப் போனில் என்ன சொன்னார்கள் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், அதட்டியும் கேட்டேன், மிட்டாய் வாங்கிக் கொடுத்தும் கேட்டேன். போன வாரமும் கேட்டேன். அவளுக்கு என் மேல்தான் எரிச்சல் வந்தது.

"எத்தனை தடவை கேப்பீங்க? நீங்கதானேப்பா சொன்னீங்க, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு."

படித்தவர்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். என் அப்பாவைச் சாகடிக்காதீர்கள், முருகனை இழுக்காதீர்கள். அந்த முப்பத்தெட்டு நிமிடத்தில் என்ன பேச்சு நடந்தது என்று வள்ளி இன்னும் சொல்லவில்லை. அதை நீங்களாக இட்டு நிரப்பாதீர்கள்.