பின்சீட்டுக்காரி

சோப்பு ஆலையில் வேலை பார்த்த காலத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அவள் நடந்தால் கூட வருகிறவர்கள் ஓட வேண்டியிருக்கும். தொட்டியில் கொதிக்கிற காஸ்டிக் காரம் முகத்தில் தெறித்து இரண்டு கண்ணும் போன பிறகு, அந்த எக்ஸ்பிரஸ், அக்கா வீட்டு ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பன்னிரண்டு வருஷம் நின்றுபோனது. உடம்பு பெருத்தது. சர்க்கரை வந்தது. வெளியே கிளம்பினால் யாராவது முழங்கையைப் பிடித்து, பீரோவை நகர்த்துவதுபோல நகர்த்தினார்கள்.

கண் போனதைக்கூட ஒருவழியாக ஜீரணித்துக்கொண்டாள். ஜீரணமாகாதது விசாரணை அறிக்கையில் இருந்த ஒரு வரி: 'தொழிலாளி பாதுகாப்புக் கண்ணாடியைத் தானே கழற்றி வைத்திருந்தார்.' கட்டுப்போட்ட கண்ணோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளுக்கு அக்காதான் அதை வாசித்துக் காட்டினாள். கழற்றி வைக்கக் கண்ணாடி கொடுத்தால்தானே? புதுக் கண்ணாடிகள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. அடுத்த வாரம் சோதனைக்கு வரும் அதிகாரிகள் பார்க்கும்போது கீறல் இருக்கக்கூடாதாம். சாவி போர்மேன் சட்டைப்பையில். அன்று காலை அவள் போய்க் கேட்டபோது, "ஆகட்டும் ஆகட்டும், முதல்ல வேலையைப் பாரு" என்றான். அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் அவன்தான்.

டாக்டர் மிரட்டியதால்தான் அவள் பார்வையற்றோர் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தாள். இரண்டு பேர் ஓட்டும் நீளச் சைக்கிள். முன்சீட்டில் கண் தெரிந்தவர். ஹேண்டில்பாரும் பிரேக்கும் அவர் கையில். பின்சீட்டுக்காரிக்குக் கால் மட்டும்தான் வேலை. முதல் நாள் பத்தே நிமிஷத்தில் தொடை வெடவெடத்து, இறங்கி ரோட்டோரம் வாந்தி எடுத்தாள். உட்காரும் இடம் புண்ணாகி ஒரு வாரம் குப்புறப் படுத்தாள். ஆனால் யாரும் முழங்கையைப் பிடிக்காமல், முகத்தில் காற்றடிக்க, பன்னிரண்டு வருஷத்துக்கப்புறம் வேகமாகப் போயிருந்தாள். அடுத்த வாரமும் போனாள்.

மூன்றாம் மாதம், முன்சீட்டில் உட்காரும் பயிற்சியாளரம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பதிலுக்குப் புது ஆள் ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார். ரிட்டயர் ஆனவர், ரத்தக்கொதிப்புக்காக உடற்பயிற்சி தேடி வந்தவர், தங்கமான மனுஷன். அந்தத் தங்கமான மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆகட்டும் ஆகட்டும், ஏறுங்கம்மா" என்றான்.

போர்மேனின் குரல். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தழும்பும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் அதற்குக் காரணமில்லை. ஆலையிலேயே அவன் யார் முகத்தையும் பார்த்தவனில்லை. தொட்டி நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். அவள் வாயைத் திறக்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா பதறிப்போய், அந்தச் சங்கத்துப் பக்கமே இனிப் போக வேண்டாம் என்றாள்.

"போவேன்க்கா. இத்தனை வருஷத்துல இப்பத்தான் கைக்கெட்டுற தூரத்துல உட்கார்ந்திருக்கான்."

அந்தச் சைக்கிளில் ஒரு வசதி உண்டு. இரண்டு ஜோடிப் பெடலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பின்னால் இருப்பவள் மிதித்தால் முன்னால் இருப்பவன் காலும் சேர்ந்து சுற்றியே ஆக வேண்டும். அவள் மிதித்தாள். ஊர்த் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் அவன் நாய்போல இளைப்பதைக் கேட்டபடி மிதித்தாள். ஒரு பெண்பிள்ளையிடம் முடியவில்லை என்று சொல்ல அவன் வீறாப்பு இடம் தரவில்லை. அவனை இன்னும் வாட்ட வேண்டுமென்றால் தன் காலுக்கு இன்னும் வலு வேண்டுமே. வீட்டில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஐம்பது, நூறு என்று உட்கார்ந்து எழுந்தாள். மாடிப்படியில் ஏறி இறங்கினாள். ஆறு மாதத்தில் சர்க்கரை பாதியாக இறங்கியது. தொடை இரும்பாகியது. பழைய ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று தொங்கியது.

ஒருநாள் சைக்கிளை விட்டு இறங்கியதும் அவன் சொன்னான்: "உங்க புண்ணியத்துல எனக்குத் தொப்பை கரைஞ்சுது, பிரஷர் மாத்திரையைக்கூடப் பாதியாக் குறைச்சுட்டாங்கம்மா."

அவள் வீட்டுக்கு வந்து அன்று சோறே தின்னவில்லை. பழிவாங்கப் போய் அந்தப் பாவிக்கு ஆயுளையல்லவா கூட்டிக் கொடுத்திருக்கிறாள்.

இருவரும் பெயர் கொடுத்திருந்த முப்பது கிலோமீட்டர் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. அடுத்த பயிற்சியில் மேட்டின் உச்சிக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"நான்தான் மூணாம் தொட்டி" என்றாள்.

 கண்ணாடியைப் பூட்டி வைத்தது மேலிடத்து உத்தரவு என்று அவன் முனகினான்.

"உத்தரவு யாரோடதா வேணும்னாலும் இருக்கட்டும். சாவி உங்க பாக்கெட்ல இருந்துச்சு. கையெழுத்து உங்களோடது."

தன் பையன் அதே ஆலையில் வேலை பார்க்கிறான், இப்போது கிளறினால் அவன் பிழைப்பு கெடும் என்றான். கையெழுத்துப் போட்டபோது என் பிழைப்பு உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா என்று அவள் கேட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, சங்கத்தில் எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் கேட்டது. இறக்கத்தில் அவன் வண்டியில் ஏறவில்லை. இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினார்கள். ஒவ்வொரு பள்ளத்தையும் அவன் சொல்லிக்கொண்டு வந்தான்.

அதன்பிறகு இரண்டு வாரம் ஆளையே காணோம். வேறு முன்சீட்டும் கிடைக்கவில்லை. இவனால் கண்ணும் போயிற்று, இப்போது போட்டியும் போயிற்று என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

போட்டிக்கு நான்கு நாள் முன்னால் காகிதத்தோடு வந்தான். சங்கத்து முற்றத்தில் இருபது பேர் முன்னால் வாசித்தான். 'கண்ணாடி கொடுக்கப்படவில்லை' என்ற இடத்தில் வார்த்தையை விழுங்கினான்.

"காதுல விழல. இன்னொரு தடவை."

வாசித்தான்.

"இன்னொரு தடவை."

மூன்றாம் தடவை கடைசி ஆள்வரை கேட்டது. பயிற்சியாளரம்மா அந்தக் காகிதத்தை ஆலைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். போட்டியெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, பழைய அறிக்கையோடு இணைக்கப்பட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த வரியை அவள் அக்காவிடம் சொல்லி எத்தனை முறை வாசிக்க வைத்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

வாசித்து முடித்த அன்றே, போட்டிக்கு முன்சீட்டில் உட்காரலாமா என்று அவன் கேட்டான்.

"உட்காருங்க. மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. வேற ஆள் இல்ல."

ஒன்பது சைக்கிள்களில் மூன்றாவதாக வந்தார்கள். கடைசி ஐந்து கிலோமீட்டர் எதிர்க்காற்று. அவள் காலில்தான் வண்டி ஓடியது என்று அவனே எல்லாரிடமும் சொன்னான். விதிப்படி முன்சீட்டுக்கும் ஒரு மெடல் உண்டு. மேடையை விட்டு இறங்கியதும் அவள் கையை நீட்டினாள். "அதை இங்க குடுங்க." மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தான். இரண்டையும் மாட்டிக்கொண்டே பஸ்ஸில் வீடு வந்தாள். ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்போது அவளுக்கு முன்சீட்டில் ஒரு பேக்கரிக்காரப் பெண். மாவு பிசைந்து பிசைந்து தோள் திரண்டவள், ஓயாமல் பேசுகிறவள். வாரத்தில் நாலு நாள் போகிறார்கள். அந்த மனுஷன் வேறொரு கண் தெரியாத வாத்தியாருக்கு ஓட்டுகிறான். முன்னைவிட நன்றாக ஓட்டுகிறான் என்று கேள்வி. கோபம் ஆறிவிட்டதா என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"ஆறல. ஆனா நல்லாப் பசிக்குது, நல்லாத் தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டு, அவள் டயருக்குக் காற்றடிக்கப் போனாள்.