டின்னைக் காட்டிய செய்தி

போன மாதம் எங்கள் ஸ்ரீரங்கம் அபார்ட்மென்ட்டில் லிஃப்ட் ரிப்பேர். மாடிப்படியில் பாதி வழியில் முருகேசன் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர். ரயில்வேயில் வேலை. குடலில் ஆபரேஷன் முடிந்து மெடிக்கல் லீவில் இருந்தார். நன்றாகத் தேறி வந்தவர்தான்... இப்போது சட்டை தொளதொளவென்று தொங்கியது.

மெல்லப் பிடித்துக் கூட்டிப்போய் வீட்டில் விட்டேன். "ஒழுங்கா சாப்பிடறாரா?" என்று அவர் மனைவி கல்யாணியிடம் கேட்டேன்.

"ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குதுக்கா. டாக்டர் ஒரு புரோட்டீன் பவுடர் எழுதிக் கொடுத்தாரு. அதையும் நான் நிறுத்திட்டேன்."

"ஏம்மா?"

"டிவி நியூஸ்ல சொன்னாங்களே... பாக்கெட்ல, டின்ல வர்றதெல்லாம் அல்ட்ரா ப்ராசஸ்டாம், ஃபேக்டரியில கண்டதையும் கலந்து பண்றதாம். விஷமாம். இவரு இருக்கிற நிலைமையில அதையா கரைச்சுக் கொடுக்கிறது?"

பயந்துபோயிருந்தாள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியுமா?

முதலில் டாக்டருக்கு போன் போட வைத்தேன். "இப்பவே மறுபடி ஆரம்பிங்க. அவரு பழையபடி சாப்பிடற வரைக்கும் அதுதான் தெம்பு. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, பார்த்துடறேன்" என்றார். கல்யாணி உடனே பவுடரைக் கரைத்துக் கொடுத்தாள்.

எனக்கோ ஆர்வம் தாங்கவில்லை. அந்தச் செய்தியில் அப்படி என்னதான் சொன்னார்கள்? அவள் போனிலேயே தேடி எடுத்து, இருவரும் பார்த்தோம்.

சிவப்பு எழுத்தில் 'பாக்கெட்டில் விஷமா?' — கேள்விக்குறியோடு. திக்திக்கென்று இசை. சிப்ஸ், பிஸ்கட், கலர் பானம்... நடுவே சட்டென்று ஒரு பவுடர் டின். பேசிய நிபுணர் மட்டும் பதறவே இல்லை. தினமும் இவற்றையே தின்றால் கெடுதல் என்றார். சரிதானே? முடிக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் — "டாக்டர் கொடுத்த சத்து பவுடரை நீங்களா நிறுத்திடாதீங்க."

கல்யாணி போனைக் கீழே வைத்தாள். "டின்னைப் பார்த்ததுமே எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன்க்கா. இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

நியாயமான கேள்வி. வேறொரு சேனலில் எடிட்டராக இருக்கும் என் சித்தப்பா மகனிடம் அதையே கேட்டேன்.

"முதல்லயே சொல்லிட்டா யாரு கடைசி வரைக்கும் பார்ப்பாங்கக்கா?"

"சரி, அந்த டின் எதுக்குடா?"

"பழைய ஷாட்டா இருக்கும். படம் பத்தலைன்னா, கையில இருக்கிறதைப் போட்டு ரொப்புவோம்."

யோசித்துப் பார்க்கிறேன்... இதில் பொய் சொன்னவர் யார்? நிபுணர் சொன்னது சரி. தலைப்பு கேள்விக்குறியால் தப்பித்துக்கொண்டது. இடத்தை நிரப்ப வந்த ஒரு படம்தான், ஒரு மனிதரைப் படியேற முடியாமல் உட்கார வைத்துவிட்டது.

நேற்று முருகேசன் அம்மா மண்டபம் படித்துறை வரை நடந்துபோய்க் காவிரியைப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் தெளிவு. இனி எதை நிறுத்துவதானாலும் முதல் போன் டாக்டருக்குத்தான் என்று கல்யாணி சொல்லிவிட்டாள்.

செய்தியையும் இப்போது கடைசி வரை பார்க்கிறாளாம் — நடுவில் வரும் நூடுல்ஸ் விளம்பரத்துக்கு மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள்.