வரம்பில் பிள்ளையோடு வந்தவர்

எங்கள் மூத்தவளுக்கு மூன்று மாதம். அருவி வெட்டுக்கு, அதுதான் அறுவடைக்கு, நெல் சாய்ந்து நிற்க, இவர் வேலிக்குத் தடி வெட்டப் போய்க் காலில் கத்தி பட்டு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் காணி கிடைத்து வந்த எங்களுக்கு, உதவிக்குக் கிட்டத்தில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை.

"நான் வெட்டப் போறன். நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ" என்றேன்.

"பசிச்சால்?"

"வயலுக்குக் கொண்டு வாங்கோ."

கலியாணம் கட்டி ஒன்றரை வருடம் ஆகியும் நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. பிள்ளையைக்கூட அவர் ஆரும் பார்க்காத நேரத்தில்தான் தூக்குவார்.

விடியப் பால் கொடுத்துவிட்டுப் போனேன். வெயில் ஏற ஏற மார்பு கல்லாகக் கனத்தது. சட்டை நனைவது தெரியாமல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்டினேன். அப்போது அழுகைச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், என் பழைய சேலையால் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தடியை ஊன்றி ஊன்றி வயல் வரம்பில் வருகிறார்.

கூட வெட்டிய ஆண்கள் சிரித்தார்கள். "என்ன, நீங்களே குடுக்கேலாமல் போச்சோ?"

"ஓம், இவவும் தேடிப் பாத்தவ. ஒண்டும் கிடைக்கேல்லை" என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல். உண்மைதான். பிள்ளை சூப்பிய இடம் அவர் நெஞ்சில் சிவந்திருந்தது.

மருதமர நிழலில் இருந்துகொண்டு பால் கொடுத்தேன். அவர் துவாயை மறைப்பாக விரித்துப் பிடித்துக்கொண்டு, கொண்டுவந்த கஞ்சியை நீட்டினார்.

"குடியும். நீர் இதைக் குடிச்சால்தானே அவ குடிக்கலாம்."

கஞ்சி அடிப்பிடித்திருந்தது.

"உலை கொதிக்கிற சத்தம் கேட்டால் அழுகையை நிப்பாட்டுறா. அதுதான் இறக்காமல் விட்டனான்" என்றார்.

எனக்குச் சிரிப்பில் புரையேறியது. ஒரு சொட்டும் விடாமல் குடித்தேன். பிறகு அவள் எத்தனை தரம் விக்கினாள், எப்படிக் கொட்டாவி விட்டாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த மனிதனுக்குள் இவ்வளவு கதை இருந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டு முடியும்வரை ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தது பிள்ளை மட்டுமல்ல.

கால் ஆறியதும் அவர் வெட்டிய கதிரை அடிக்கிற சூடடிப்புக்குப் போனார். பிள்ளையோ பால் குடித்த பிறகும் அவரைத் தேடிச் சிணுங்கியது. பின்னேரம் அவர் வந்து தூக்கியதும் அடங்கிவிட்டது.

"பால் குடுக்கிறது நான், தேடுறது உங்களையோ?" என்றேன்.

அவருக்குச் சந்தோசத்தை மறைக்கத் தெரியவில்லை. குளிக்கவும் மறந்து, மேலெல்லாம் வைக்கல் தூசியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காணியைச் சுற்றி நடந்தார். நானும் கூடவே நடந்தேன்.