பொய்யென்று சொல்லி அனுப்பிய வீடியோ

என் தங்கையின் முகத்தை எவனோ ஒரு கேடுகெட்டவன் வேறொரு பெண்ணின் உடம்பில் ஒட்டி ஆபாச வீடியோ செய்துவிட்டான். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குப் போனபோது எடுத்து, அவள் ஸ்டேட்டஸில் வைத்திருந்த படம் அவனுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. நெற்றியில் அன்றைக்கு வைத்த குங்குமம்கூட அப்படியே இருந்தது.

முதலில் அது நாலைந்து பேர் கைக்குத்தான் போயிருந்தது. ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் எங்கள் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் யாரைப் பற்றியாவது வதந்தி கிளம்பினால், பெரியவர் ஒருவர் வீடு வீடாகப் போய் அது பொய் என்று சொல்லிவிட்டு வருவது வழக்கம். எங்கள் நைனா இறந்தபின் அந்தப் பொறுப்பு சித்தப்பாவுடையது. அவர் எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. "இது எங்க அண்ணன் பொண்ணு இல்ல, கம்ப்யூட்டர்ல செஞ்ச பொய், யாரும் நம்பாதீங்க" என்று எழுதி, அந்த வீடியோவையும் சேர்த்து, சொந்தக்காரர்கள் குரூப், தெரு குரூப், சீட்டு குரூப் என்று போனில் இருந்த எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டார்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

"இன்னா சித்தப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"காட்டாம எப்பிடிம்மா பொய்யின்னு சொல்றது? பாத்தாத்தான தெரியும்."

பார்த்தார்கள். செஞ்சி கடைத்தெருவே பார்த்தது. "நான் நம்பலம்மா" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களும் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். தங்கை வேலை பார்த்த தனியார் பள்ளியில், எல்லாம் அடங்கும்வரை வரவேண்டாம் என்றார்கள். அயோக்கியத்தனம் செய்தவன் எங்கோ வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கணக்கு டீச்சர் வீட்டில் அடைந்து கிடக்க வேண்டுமாம்.

புகார் கொடுக்கப் போனோம். பெண் போலீஸ் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். செய்தவன் மட்டுமல்ல, அதை அடுத்தவருக்கு அனுப்பியவரும் சட்டப்படி குற்றவாளிதான் என்றார். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அதுவரை எல்லோரும் அவளுக்குத்தான் தண்டனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"யார் யார் அனுப்புனாங்களோ, அந்த நம்பரெல்லாம் குடுங்க" என்றார் அவர்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சித்தப்பாவ உட்டுடுங்கடி. நல்லதுன்னு நெனச்சிதான் பண்ணாரு."

எங்களுக்குத் துணையாக வந்த சித்தப்பா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தங்கை அம்மாவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"மத்தவங்க நெஜம்னு நெனச்சி அனுப்புனாங்க மேடம். பொய்யின்னு தெரிஞ்சே அனுப்புனவரு இவரு ஒருத்தருதான். மொதல்ல இவரு நம்பர எழுதிக்குங்க."