சபேட்டோவுக்கு ஒரு கட்டு வேர்

போன ஆகஸ்டில் ஐந்து நாள் பிஜி போய் வந்தேன். பவளப்பாறை, நீலக்கடல், தேனிலவு விடுதி என்று தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் மன்னிக்கவும், இதில் அதெல்லாம் இல்லை. நான் போனது ஒருவனிடம் மன்னிப்புக் கேட்க.

காரணம் ஒரு புகைப்படம். 1987இல் நாடிப் பக்கம் எங்கள் காலேஜின் கால்பந்து அணி கோப்பை வென்றது. பதினைந்து பேர் அணியில் இன்று பதினொரு பேர் வெளிநாட்டில். சிட்னியில் இருக்கும் ஆறு பேரும் வருடம் ஒருமுறை லிவர்பூலில் யார் வீட்டிலாவது இறைச்சி சுட்டு, பழைய கோல்களைப் பற்றிப் பொய் சொல்லிக்கொள்வோம். இந்த முறை கோப்பையோடு எடுத்த படத்தைப் பெரிதாக்கி, பெயர் போட்டு, சட்டம் அடித்தோம். படத்தில் பதினான்கு பேர்தான். அதனால் கடைசி வரியில் ‘வரவில்லை: சைருசி’ என்று அச்சாகி வந்தது. எல்லாரும் பார்த்துவிட்டு இறைச்சி சுடப் போனார்கள். நான்தான் கேப்டன். அன்று இரவே டிக்கெட் போட்டேன்.

சிட்னியிலிருந்து நாடிக்கு நான்கு மணி நேரம். போக வர 640 ஆஸ்திரேலிய டாலர். விமான நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் நமாகா, நான் பிறந்து வளர்ந்த இடம். அப்பா விமானத்தில் பெட்டி ஏற்றும் வேலை பார்த்தார். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலேயே ஒரு அறை, இரவுக்கு 95 பிஜி டாலர். குளிர்சாதனம் உண்டு, கொசுவும் உண்டு.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நமாகா சந்தை. பிஜியில் கிராமத்துக்குள் போவதென்றால் வெறுங்கையோடு போகக்கூடாது. யங்கோனா வேர் ஒரு கட்டு கொண்டுபோய் ஊர்ப் பெரியவர்கள் முன் வைக்க வேண்டும். அதை இடித்து, தண்ணீரில் கலக்கி, எல்லாருமாகக் குடிப்பார்கள். இடித்த பொடியை வாங்காதீர்கள், அது வீட்டில் குடிப்பதற்கு. முழு வேராக, தாளில் சுற்றி நாடா கட்டிக் கொடுப்பார்கள். அரைக் கிலோ 60 டாலர். ஒரு கட்டு வாங்கினேன். புகைப்படத்தையும் கையில் எடுத்துக்கொண்டேன். அதைக் காட்டினால் பேச்சு தானாகத் தொடங்கிவிடும் என்று ஒரு நினைப்பு.

டாக்ஸி ஓட்டியவர் பெயர் சுப்பையா. பாட்டன் காலத்தில் மதராஸிலிருந்து கரும்புக்கு வந்த குடும்பம். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று வார்த்தை: வணக்கம், அரோகரா, இன்னொன்று இங்கே எழுத முடியாதது. (என் தமிழ் மட்டும் என்ன வாழ்கிறது, மதுரைக்காரி மனைவி திருத்தித்தான் இந்தப் பதிவே வருகிறது.) நாங்கள் பேசியது பிஜி இந்தி. சைருசியின் ஊர் சபேட்டோ, சுற்றுலாக்காரர்கள் வெந்நீர்ச் சேற்றில் குளிக்கப் போகும் பக்கம். பெயரைச் சொன்னதும் பின்கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“சேத்துக் குளியலுக்கா?”

“இல்ல, கிராமத்துக்கு. கூட ஆடினவன் ஒருத்தன் இருக்கான்.”

“சும்மா பார்க்கவா, இல்ல வேற விஷயமா?”

“சும்மாதான்,” என்றேன். முன்பின் தெரியாத டாக்ஸிக்காரரிடம் என்னத்தைச் சொல்வது?

விமான நிலைய வாசலைத் தாண்டி மீட்டர்படி ஆறு கிலோமீட்டரில் சபேட்டோ சந்திப்பு. கரும்பு வயல், தூரத்தில் மலை, சாலை ஓரத்தில் ஒரு மாமரம். அந்த இடத்தில் எதுவும் மாறவில்லை. மாறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் ஒன்பது ஆட்டம் ஆடினோம், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. சைருசி இடது பின்காவல். அணியில் அவன் ஒருவன்தான் பூர்வகுடிப் பிஜியன், மற்ற எல்லாரும் எங்கள் இந்திய வம்சாவளி ஆட்கள். அரையிறுதியில் கோல்கீப்பர் தரையில் கிடக்க, கோட்டின் மேல் வந்த பந்தைத் தலையால் வெளியே தள்ளியவன் அவன். அது இல்லையென்றால் இறுதி ஆட்டமே இல்லை.

இடையில் மே மாதம், கிட்டத்தட்ட முழுக்கப் பிஜியர்களே இருந்த இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இருந்த அரசை ‘இந்தியர்கள் ஆட்சி’ என்று சொல்லித்தான் கவிழ்த்தார்கள். எங்கள் முன்கள ஆட்டக்காரனின் மாமாவைச் சோதனைச் சாவடியில் அடித்தார்கள். வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட் பேச்சு. ஆட்டங்கள் சில வாரம் நின்று மறுபடி தொடங்கின. சைருசி எப்போதும் போலத்தான் வந்தான், ஆடினான். நாங்கள்தான் அவனோடு பேசுவதைக் குறைத்துவிட்டோம்.

இறுதி ஆட்டம் எழுபது கிலோமீட்டர் தள்ளி, பா ஊரில். லாரியில் போனோம். சைருசியை எப்போதும் சபேட்டோ சந்திப்பில்தான் ஏற்றுவோம். அன்றும் மாமரத்தடியில் நின்றான், பூட்ஸ் இரண்டையும் கயிற்றால் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு. லாரியைப் பார்த்ததும் கை காட்டினான். பின்னாலிருந்து பையன்கள் தகரத்தைத் தட்டி, “நிறுத்தாதே, அவன் மிலிட்டரியோட போகட்டும்!” என்று கத்தினார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முன்சீட்டில் இருந்தது நான். “சலோ,” என்றேன். போகலாம் என்று அர்த்தம். ஒரே வார்த்தை.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். செப்டம்பரில் இராணுவம் இரண்டாம் முறை வந்தது. அடுத்த வருடம் எங்கள் குடும்பம் சிட்னியில். நான் அவனைப் பார்க்கவே இல்லை.

சந்திப்பிலிருந்து கிராமம் மூன்று கிலோமீட்டர். டாக்ஸிக்கு மொத்தம் 18 டாலர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி இரண்டையும் முன்பே கழற்றிவிடுங்கள், முழங்கால் மறைய உடுத்துங்கள். வருவதாக முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் சைருசி வாசலிலேயே நின்றான். தலை நரைத்து, ஒரு முழங்கால் மடங்காமல், ஆனால் அதே தோள். “கேப்டன்!” என்று சொல்லிக் கட்டிக்கொண்டான்.

உள்ளே பாயில் ஏழெட்டுப் பேர். வேர்க்கட்டை முன்னால் வைத்தேன். ஊர் சார்பில் பேசும் பெரியவர், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று முறைப்படி கேட்டார். நான்கு மணி நேரம் விமானத்தில் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. “பழைய சிநேகிதனைப் பார்க்க வந்தேன்,” என்றேன். அவர் கட்டைத் தொட்டு ஏதோ சொல்லிக் கை தட்டினார். நான் விருந்தாளி ஆகிவிட்டேன்.

கிண்ணம் இரண்டு சுற்று வந்தது. வாங்குவதற்கு முன் ஒருமுறை கை தட்ட வேண்டும், ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், பிறகு மூன்றுமுறை. நாக்கு மரத்துப்போகும், பயப்பட வேண்டாம். நான் புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தேன். அது கைமாறிச் சைருசியின் தவலேயிடம் போனது. தவலே என்றால் நம்ம ஊர் மச்சான் முறை, கேலி பேசப் பிறப்புரிமை உள்ளவர். அவர் கடைசி வரியை உரக்கப் படித்துவிட்டுத் தொடையில் தட்டினார்.

“பாத்தீங்களா, அச்சிலயே போட்டுட்டாங்க! இறுதி ஆட்டத்துக்குத் தூங்கிப்போனவன் உலகத்துலயே இவன் ஒருத்தன்தான்!”

எல்லாரும் சிரித்தார்கள். ஊரில் அவன் பட்டப்பெயரே தூங்குமூஞ்சி என்று அப்போதுதான் தெரிந்தது. முப்பத்தாறு வருடமாக அந்தப் பெயர். “கேப்டன், நீங்களே சொல்லுங்க, எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?” என்று தவலே என்னைக் கேட்டார். சைருசி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

நான் சிரித்தேன். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். சுப்பையா வண்டியோடு சந்திப்பில் நிற்பதாகச் சொல்லியிருந்தார். மடங்காத காலோடு சைருசி அந்த மூன்று கிலோமீட்டரும் கூடவே நடந்து வந்தான், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. மாமரத்தடியில் நின்றோம்.

“அன்னிக்கு எட்டரை வரைக்கும் இங்கதான் நின்னேன், கேப்டன். மறந்துட்டீங்க, திரும்பி வருவீங்கன்னு நினைச்சேன்.”

“வீட்டுல ஏன் தூங்கிட்டேன்னு சொன்னே?”

“நிஜத்தைச் சொன்னா எங்க பசங்க சும்மா இருப்பாங்களா, அந்த நேரத்துல? சுத்தி உங்க ஆளுங்க கரும்பு. ஒரு தீக்குச்சி போதும்.”

என் தவறு சைருசி, நான்தான் லாரியை நிறுத்த விடவில்லை, என்னை மன்னித்துவிடு என்று அப்போது சொன்னேன். அழுதேன். அவன் என் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

“என்கிட்ட எதுக்குச் சொல்றே? எனக்குத்தான் தெரியுமே. அவங்களுக்குத்தானே தெரியாது. இன்னிக்கு நீ சொல்லிடுவேன்னு நினைச்சேன்.”

திரும்பும்போது சுப்பையாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர், “சும்மான்னு சொன்னீங்களே அண்ணே,” என்று வருத்தப்பட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு இங்கே தனி முறை இருக்கிறதாம், அதற்கென்று தனி வேர் வைக்க வேண்டுமாம். விருந்தாளியாக வைத்த வேர் அதற்கு ஆகாது. உடனே எனக்கு ஒரு நிம்மதி, முறை தெரியாததால்தான் பேசவில்லை என்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முறை தெரியாதவன் வாயைத் திறந்து ‘அவன் தூங்கவில்லை’ என்று இரண்டு வார்த்தை சொல்ல எந்த வேர் வேண்டும்?

கடைசி நாள் காலை ஏழரைக்கு நமாகா சந்தையில் இன்னொரு கட்டு வாங்கினேன். விமானம் பன்னிரண்டே முக்காலுக்கு. நேரம் தாராளமாக இருந்தது. விமான நிலைய வாசல் வந்ததும் சுப்பையா வேகத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பவா, நேராகச் சபேட்டோவா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் பெட்டியைக் காட்டினேன். அவர் உள்ளே திருப்பினார்.

அந்தப் படம் இப்போது சைருசி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். ‘வரவில்லை’ என்ற வரியோடு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குப் போகாதீர்கள், எல்லாரும் சர்ச்சில் இருப்பார்கள். வேர் இரண்டு கட்டாக வாங்குங்கள். ஒன்று உள்ளே போவதற்கு, மற்றது எதற்காகப் போனீர்களோ அதற்கு. எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள், இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். டாக்ஸி வேண்டாம் என்றால் நாடியிலிருந்து லவுத்தோக்கா போகும் பஸ் அரை மணிக்கு ஒன்று உண்டு. சபேட்டோ சந்திப்பில் நிறுத்தம் என்று பலகை எதுவும் கிடையாது. மாமரத்தடியில் நின்று கை காட்டினால் போதும், நிறுத்துவார்கள்.