வாசல் பார்த்த செருப்பு

நான் பிசியோதெரபிஸ்ட். பெங்களூர் அல்சூரில் அந்த வீட்டுக்கு முதலில் போனது ஒரு ஜப்பானிய அம்மாளின் முழங்கால் வலிக்காக. அப்போதே அவருக்கு வயது நூற்றொன்று. தமிழரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து, அறுபது வருஷத்துக்கு மேல் அதே தெருவில் இருந்தவர். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். வேலை முடிந்து நான் கை கழுவிவிட்டு வருவதற்குள், உள்ளே பார்த்தபடி விட்டிருந்த என் செருப்பு வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கிளம்பு என்று சொல்லாமல் சொல்கிறார்களாக்கும்! எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த முறை மருமகள்தான் விளக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. அத்தைதான் திருப்பி வெச்சாங்க. வந்தவங்க போகும்போது சுலபமா மாட்டிக்கலாம்னு, அவங்க ஊர் மரியாதை."

நூறு தாண்டியவர் என் செருப்பைத் தொடுவதா? உடம்பே கூசியது. அன்றிலிருந்து செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறு வருஷம் அம்மாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "எழுந்து நடமாடினா முதல்ல என்ன பண்ணணும்?" என்று கேட்டேன். அல்சூர் ஏரிக்கரைக்குப் போகணும் என்பார் என்று நினைத்தேன்.

"உன் செருப்பைத் திருப்பி வைக்கணும். பையில ஒளிச்சு வெச்சா எனக்குத் தெரியாதா?"

"குனியவே கூடாதும்மா. இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டீங்க."

"சும்னே பயமுறுத்தாதே," என்று கன்னடம் கலந்து அதட்டினார். " வீட்டுக்கு வந்தவளை ஒழுங்கா வழியனுப்ப முடியலன்னா இந்த உடம்பு எதுக்கு? பழக்கி விடு."

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். ஜன்னல் கம்பியைப் பிடித்து உட்கார்ந்து எழ, நான் பத்து முறை சொன்னால் பதினைந்து செய்வார். செருப்பைக் கைத்தடியால் தள்ளிவிடலாமே என்றார் மருமகள். "மாடா ஓட்டறேன்?" என்று அம்மாள் பாய்ந்தார்.

ஐந்தாவது மாதம், அவர் குனிவதற்கு டாக்டர் ஒருவழியாகச் சம்மதித்தார். வாசலருகே முக்காலி போட்டேன். பையிலிருந்து செருப்பை எடுத்து உள்ளே பார்த்தபடி வைத்தேன். அம்மாள் முக்காலியில் உட்கார்ந்து, மெல்லக் குனிந்தார். இடது செருப்பு திரும்பியது. வலது எட்டவில்லை. பொறுக்கமுடியாமல் செருப்பை அவர் பக்கம் நகர்த்தப் போனேன். புறங்கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

தொம்மலூரில் அடுத்த நோயாளி காத்திருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. கடைசியில் இரண்டு விரல் வாரில் மாட்டியது. இழுத்தார், திருப்பினார், இரண்டையும் ஒட்டிச் சேர்த்து வைத்தார்.

"ஆச்சு," என்றார் மூச்சு வாங்க. "இப்போ போயிட்டு வா."

அதன்பின் நூற்று நான்கு வயதில் அவர் இறக்கும்வரை, ஒரு நாளும் நான் செருப்பைப் பைக்குள் வைக்கவில்லை.